பிப்பெட் பிடிக்கத் தெரியாதவர்கள்

எங்கள் பேராசிரியருக்கு மாணவர்கள் எழுதும் மின்னஞ்சல்களை அவர் படிப்பதில்லை, நான்தான் படிக்கிறேன். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், ஒரு பல்கலைக்கழகத்தின் மார்பகப் புற்றுநோய் ஆய்வகத்தில் எனக்கு மேலாளர் வேலை. தஞ்சாவூர்ப் பக்கம் உயிர்வேதியியல் படித்து, முனைவர் பட்டம் வாங்கி, போஸ்ட்டாக்காக, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக, இங்கே வந்தவள் அப்படியே தங்கிவிட்டேன். ரசாயனங்கள் வாங்குவது, செல்களைச் சாகாமல் பார்த்துக்கொள்வது, ஃப்ரீசர் அலாரம் அடித்தால் நடு இரவில் ஓடி வருவது, இவற்றோடு இளங்கலை மாணவர்களைச் சேர்த்துப் பழக்குவதும் என் தலையில். கடிதம் எழுதுகிறவர்களுக்கு இது தெரியாது. பேராசிரியரின் பெயரைப் போட்டுப் பணிவோடு தொடங்கும் மின்னஞ்சல் அப்படியே என் பெட்டிக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கும். மேலே அவர் சேர்த்திருப்பது ஒரு கேள்விக்குறி மட்டும். இடமிருக்கிறதா என்று அதற்குப் பொருள்.

எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ப்ரீமெட் மாணவர்கள். நம் ஊரில் ப்ளஸ் டூ முடித்து நீட் எழுதினால் நேரே எம்.பி.பி.எஸ். இங்கே அப்படி இல்லை. முதலில் நான்காண்டுப் பட்டப்படிப்பு ஒன்றை முடிக்க வேண்டும். அது வரலாறாக இருக்கலாம், இசையாகக்கூட இருக்கலாம். கூடவே உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றைப் படித்து, எம்கேட் என்ற தேர்வும் எழுதிய பிறகுதான் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம். ப்ரீமெட் என்பது ஒரு படிப்பு அல்ல, அந்த நான்காண்டு நீளும் ஒரு மனநிலை. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளின் பொது விண்ணப்பத்தில், மதிப்பெண் தவிர வேறு என்ன செய்தாய் என்று எழுத 15 கட்டங்கள் உண்டு. அவற்றில் மூன்றை மிக முக்கியமானவை என்று குறிக்கலாம். அந்தப் பதினைந்தில் ஒன்றாவது ஆய்வு அனுபவமாக இருக்க வேண்டும் என்பது எங்கும் எழுதப்படாத விதி. ஆகவே, பதினெட்டு வயதில், திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாத பிள்ளைகள் புற்றுநோய் ஆய்வகங்களின் கதவைத் தட்டுகிறார்கள். தட்டட்டும். பிப்பெட் பிடிக்கத் தெரியாதது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அதை ஒரு மதியத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவேன்.

கடிதங்களில் வழக்கமாக ஒரு பாட்டி இருப்பார், அல்லது ஒரு மாமா. புற்றுநோயில் இறந்திருப்பார். நான் அதைச் சந்தேகிப்பதில்லை. எங்கள் வீட்டிலும் உண்டு, யார் வீட்டில்தான் இல்லை? ஆனால் இவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்தப் பத்தி எனக்கு உதவுவதில்லை. அடுத்து, எங்கள் இணையப் பக்கத்திலிருந்து எடுத்த ஒரு வரி, முன்னால் 'முன்னோடியான' என்ற அடைமொழியோடு. சில கடிதங்களில் அந்த அடைமொழி எங்களுக்கு, பெயரோ மூன்றாம் மாடிப் பேராசிரியருக்கு. கடைசியில், 'எனக்கு முன் அனுபவம் இல்லை, ஆனால் சீக்கிரம் கற்றுக்கொள்வேன்' என்ற மன்னிப்பு. முதலாம் ஆண்டு மாணவருக்கு அனுபவம் எங்கிருந்து வரும்? மூன்றாம் ஆண்டின் பாதியில் நல்ல மதிப்பெண்ணோடு வருகிறவரைவிட, ஒன்றும் தெரியாத முதலாம் ஆண்டுப் பிள்ளைதான் எனக்கு வேண்டும். ஒருவரைப் பழக்க ஒரு செமஸ்டர் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அவர் இரண்டு ஆண்டுகளாவது இருந்தால்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். தங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து இனி வரப்போகும் ஆண்டுகள்தான் என்பது இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. அதைக் குறையாக நினைத்து மறைக்கப் பார்க்கிறார்கள்.

ஒரு பெண்ணின் கடிதம் நினைவில் நிற்கிறது. ஐந்தாறு வரிதான். செவ்வாயும் வியாழனும் மதியம் ஒரு மணியிலிருந்து ஆறு மணிவரை வகுப்பில்லை. கோடை விடுமுறையிலும் ஊரிலேயே இருப்பேன். பள்ளி நாட்களில் ஒரு பேக்கரியில் விடியற்காலை நேர வேலை பார்த்தேன். உங்கள் கட்டுரை ஒன்றின் இரண்டாவது படத்தில் ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை ஏன் இருக்கிறது என்று புரியவில்லை, அதைப் பற்றிக் கேட்க வரலாமா? அன்றே பதில் போட்டேன். விடியற்காலையில் எழுந்து போய் மாவை எடைபோட்டவள் ஆய்வகத்துக்கு ஏறக்குறைய தயாரானவள். புரியாததைப் புரியவில்லை என்று எழுதியது அதற்கும் மேல்.

அந்த ஐந்து மணி நேரம் எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். வெஸ்டர்ன் ப்ளாட் என்று ஒரு சோதனை. செல்களில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. புரதக் கலவையை ஜெல்லில் ஓடவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை மெல்லிய சவ்வுக்கு மாற்ற இன்னொரு மணி, சவ்வின் வெற்றிடங்களை அடைக்க இன்னொன்று. பிறகுதான் ஆன்டிபாடியில் போட்டு இரவு முழுக்கக் குளிரறையில் ஆட்டவிடுவோம். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கிடைக்கும் ஐம்பது நிமிடத்தில் இதில் எதையும் செய்ய முடியாது. 'வாரம் பத்து மணி நேரம் தருகிறேன்' என்று எழுதுகிறவர்கள் அந்தப் பத்தும் பத்துத் துண்டா, இரண்டு துண்டா என்று சொல்வதில்லை. என் கண் முதலில் தேடுவது அதைத்தான்.

பொங்கல் விழாவில் இந்த ஊர்த் தமிழர்கள் கூடும்போது எனக்குத் தனி மவுசு. "அக்கா, நீங்க கேன்சர் லேப்லதானே இருக்கீங்க? பையன் ப்ரீமெட் பண்றான். ஒரு சம்மர் உங்ககிட்ட போட்டுக்க முடியுமா?" என்று தட்டில் சர்க்கரைப் பொங்கலோடு ஒருவர் வருவார். பையன் பத்தடி தள்ளி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். "அவனையே எழுதச் சொல்லுங்க தம்பி" என்பேன். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. தெரிந்தவர் மூலம் உள்ளே வரும் பிள்ளைகள் எந்த ஆய்வகத்திலும் இருக்கிறார்கள், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் பெற்றோர் கேட்டு வாங்கிக் கொடுத்த இடத்தில் பிள்ளைகள் நிலைத்து நான் பார்த்தது குறைவு.

எழுத வரும் பையனிடம் வேறொன்று சொல்வேன். பெயர் பெற்ற ஆய்வகங்களின் பின்னால் போகாதே, வேலை காத்துக் கிடக்கும் இடத்தைத் தேடு. அதற்கு ஒரு திறந்த கதவு இருக்கிறது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள், அதாவது என்.ஐ.எச்., தான் பணம் கொடுக்கும் ஆய்வுகளையெல்லாம் ரிப்போர்ட்டர் என்ற தளத்தில் பொதுவில் வைத்திருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரையும் நோயின் பெயரையும் போட்டால், யாருக்கு எந்த ஆய்வுக்கு எவ்வளவு பணம், எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது என்று வந்துவிடும். ஆர்01 என்ற மானியம் பொதுவாக ஐந்தாண்டு வரை. அது போன வருடம் தொடங்கியிருந்தால் அந்த ஆய்வகத்தில் ஆள் தேவை இருக்கும். இன்னும் ஆறு மாதத்தில் முடிகிறது என்றால் அங்கே எல்லோரும் அடுத்த மானியத்துக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள், புதியவருக்குப் பிப்பெட் சொல்லிக்கொடுக்க நேரமிருக்காது. என்.ஐ.எச். பணம் அதிகம் போகாத சிறிய கல்லூரிகளுக்கென்றே ஆர்15 என்று ஒன்று உண்டு. மாணவர்களை ஆய்வில் ஈடுபடுத்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. பெரிய பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்று அழும் பிள்ளைகள் பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஆர்15 வைத்திருக்கும் பேராசிரியரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

கடிதத்தைப் பேராசிரியருக்கு மட்டும் எழுதவேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன். உங்களைத் தினமும் பார்க்கப்போவது ஒரு போஸ்ட்டாக்கோ ஆராய்ச்சி மாணவரோதான். நேரமில்லாமல் தவிப்பதும் அவர்கள்தான்.

சேர்ந்த முதல் வாரங்களில் புற்றுநோய் கண்ணிலேயே படாது. முதலில் பயிற்சிச் சான்றிதழ்கள். மனித ரத்தம், திசு ஆகியவற்றோடு பழக வேண்டுமென்றால் தொற்றுப் பாதுகாப்புப் பயிற்சி, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. பிறகு, பிப்பெட்டின் நுனிகளைப் பெட்டிகளில் அடுக்கி, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோக்ளேவில் வைப்பது. அதற்கும் பிறகு தராசு. நிறமேற்றிய தண்ணீரைப் பிப்பெட்டால் எடுத்துத் தராசில் விடச் சொல்வேன். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் 100 மில்லிகிராம் காட்ட வேண்டும். முதலில் 93 வரும், பிறகு 108. பெருவிரலை விடும் வேகம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் எண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கும். பள்ளியில் எல்லாவற்றிலும் முதலாவதாக வந்த பிள்ளைகளுக்கு இந்தத் தராசு பெரிய அவமானம். சிலர் அத்தோடு வருவதில்லை.

நிற்கிறவர்களுக்குச் செல்களைக் காட்டுவேன். 37 டிகிரி வெப்பம், ஐந்து சதவீதம் கார்பன் டைஆக்சைடு உள்ள பெட்டிக்குள் குடுவைகளில் அவை கிடக்கும். மேலே நிற்கும் ஊட்டநீரில் ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி கலந்திருக்கும். புதிதாக இருக்கும்போது ரோஸ் சர்பத் நிறம். செல்கள் பெருகி, தின்று, அமிலத்தைக் கழித்துவிட்டால் மஞ்சள். மஞ்சளாகிவிட்டால் ஊட்டநீரை மாற்ற வேண்டும், குடுவை நிறைந்திருந்தால் பிரித்து வேறு குடுவைகளுக்கு ஊற்ற வேண்டும். செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. தேர்வு வாரமும் தெரியாது. இந்த வேலைக்கு யார் நிலைப்பார் என்று எனக்குத் தெரியவருவது நேர்காணலில் அல்ல, மழையோ பனியோ பெய்யும் ஒரு ஞாயிறு காலையில்தான்.

மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரியும். தெரியாத சங்கடம் மைக்கோபிளாஸ்மா. செல்சுவர் இல்லாத நுண்ணுயிரி, அதனால் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. சாதாரண நுண்ணோக்கியில் பிடிபடாது, ஊட்டநீரும் கலங்காது. செல்களோடு சேர்ந்து வாழ்ந்துகொண்டு எல்லா முடிவுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரித்துவிடும். மாதாமாதம் பி.சி.ஆர். சோதனை வைத்துத் தேடுவோம். இந்தச் சோதனையை நான் எப்போதும் புது மாணவரிடம்தான் கொடுப்பேன். இது அலுப்பான வேலை. ஆனால் இதைச் செய்கிறவர் எங்கள் ஆய்வகத்தின் ஒவ்வொரு முடிவுக்கும் காவல் நிற்கிறார். அது புரிந்த நாளில் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துத் திருந்துகிறது.

எந்தச் செல், யாருடையது என்பதையும் சொல்லாமல் விடமாட்டேன். நாங்கள் அதிகம் வளர்ப்பது எம்.சி.எஃப்.-7. மிச்சிகன் கேன்சர் ஃபவுண்டேஷன் என்பதன் சுருக்கம் அது. டெட்ராய்ட்டில் இருந்த நிறுவனம். மிச்சிகனில் ஒரு கன்னிமடத்தைச் சேர்ந்த சிஸ்டர் கேத்தரின் ஃபிரான்சிஸ் என்ற துறவி, மார்பகப் புற்றுநோய் பரவி 1970-ல் இறந்தார். அவருடைய நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்த செல்களை வளர்த்து 1973-ல் அறிவித்தார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள செல்கள். டமாக்ஸிஃபென் போன்ற மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன, எப்போது செய்யாமல் போகின்றன என்று உலகம் கற்றுக்கொண்டதில் பெரும்பங்கு இந்தச் செல்களுக்கு உண்டு. கடிதத்தில் பாட்டியைப் பற்றி எழுதியிருந்த பிள்ளைகள் இந்த இடத்தில் பெரும்பாலும் கேள்வி கேட்பார்கள். நல்ல கேள்விகளாக இருக்கும்.

புற்றுநோய் ஆய்வு என்றால் வெள்ளைக் கோட்டும் நுண்ணோக்கியும்தான் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. இன்று பாதி வேலை கணினியில் நடக்கிறது. 2006-ல் தொடங்கிய கேன்சர் ஜீனோம் அட்லஸ் என்ற திட்டம், 33 வகைப் புற்றுநோய்களில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கட்டிகளை மரபணு மட்டத்தில் அலசிப் பொதுவில் வைத்திருக்கிறது. சி-பயோபோர்ட்டல் என்ற தளத்தில் யாரும், அனுமதி கேட்காமல், டிபி53 மரபணு எந்தப் புற்றுநோயில் எத்தனை பேருக்குப் பழுதாகியிருக்கிறது என்று பார்க்கலாம். எங்கும் இடம் கிடைக்காத மாணவரிடம், உன் கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார் என்பேன். ஆர் என்ற நிரல் மொழியில் நான்கு வரி எழுதத் தெரிந்துவிட்டால் அடுத்த கடிதத்தில் அனுபவமில்லை என்று எழுத வேண்டியிருக்காது.

மருத்துவமனைப் பக்கம் இன்னொரு வழி, நோயாளிகளின் பழைய பதிவுகளைப் படித்துத் தரவாக்குவது. மருத்துவர்களிடம் கேள்வி இருக்கும், நேரம் இருக்காது. நெறிமுறைக் குழுவின் அனுமதியில் மாணவரின் பெயரைச் சேர்க்க வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். மனிதர்களை ஆய்வுக்கு உட்படுத்துவது பற்றிய பயிற்சியை முன்பே முடித்திருந்தால் அந்தக் காத்திருப்பு குறையும். பிறகு ரெட்கேப் என்ற மென்பொருளில் வயது, நோயின் நிலை, எந்தத் தேதியில் என்ன சிகிச்சை என்று நிரப்பிக்கொண்டே போக வேண்டும். எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் ஒரு புற்றுநோய் மருத்துவரிடம் ஒரு பையனை அனுப்பினேன். அவன் நாலைந்து பதிவுகளை முடித்துவிட்டு ஒரு கேள்வியோடு போய் நின்றான். நோய் கண்டறிந்த தேதி என்ற கட்டத்தில் எதைப் போடுவது? திசு எடுத்த நாளா, நோய்க்குறியியல் அறிக்கை வந்த நாளா, மருத்துவர் நோயாளியிடம் சொன்ன நாளா? மூன்றும் வெவ்வேறு. உயிர் வாழ்ந்த காலத்தைக் கணக்கிடுவது அந்த நாளிலிருந்துதான். அவனுக்கு முன்னால் நிரப்பியவர்கள் ஆளுக்கொன்றாகப் போட்டிருந்தார்கள். மொத்தத்தையும் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. அவனுக்கு அப்போது புற்றுநோயைப் பற்றித் தெரிந்தது சொற்பம். அந்த மருத்துவர் அதற்குப் பிறகு அவனை எங்களிடம் திருப்பி அனுப்பவே இல்லை.

அனுபவமில்லை என்று தயங்குகிறவர்களுக்கு ஹெரால்ட் வார்மஸ் பெயரைச் சொல்வதுண்டு. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து, ஹார்வர்டில் அதிலேயே முதுகலையும் வாங்கியவர். ஹார்வர்ட் மருத்துவப் பள்ளி அவரை இரண்டு முறை நிராகரித்தது. கொலம்பியாவில் மருத்துவம் படித்து, ஆய்வுக்கு வந்ததே அதற்கும் பிறகுதான். 1989-ல், புற்றுநோய் மரபணுக்களின் வேர் நம்முடைய சொந்த செல்களிலேயே இருக்கிறது என்று காட்டியதற்காக மைக்கேல் பிஷப்போடு நோபல் பரிசு. பிறகு தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கே இயக்குநரானார். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஒரு மாணவி, "அந்தக் காலத்தில் 15 கட்டங்கள் இருந்திருக்காது" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. ஆய்வகங்களில் இளங்கலை மாணவர்களில் பலர் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார்கள். சிலர் அதை ஒரு பாடமாகப் பதிவு செய்துகொண்டு மதிப்பெண் வாங்குகிறார்கள். அந்தப் பாடத்துக்கும் கட்டணம் உண்டு, ஆக நுனி அடுக்குவதற்குக் காசு கட்டுகிறார்கள். அப்பா அம்மா வாடகை கட்டுகிற பிள்ளைகளால் இது முடியும். மாலையில் மளிகைக் கடையில் நிற்கும் பிள்ளையால் முடியாது. மத்திய அரசின் வொர்க்-ஸ்டடி என்ற உதவித் திட்டத்துக்கு ஒரு மாணவர் தகுதி பெற்றிருந்தால் அவருடைய கூலியின் பெரும்பகுதியை அரசு கொடுத்துவிடும், ஆய்வகம் மிச்சத்தைக் கொடுத்தால் போதும். தகுதி இருந்தும் பலர் இதைக் கடிதத்தில் எழுதுவதில்லை, கூச்சம். எழுதினால் என் கணக்குப் புத்தகத்துக்கு அதைவிட நல்ல செய்தி வேறில்லை. நூலக மேசையில் உட்கார்ந்து வாங்கும் அதே கூலியை செல் வளர்த்து வாங்கலாம். இலவசமாக வர முடியாது என்று நேரடியாகச் சொன்ன பிள்ளைகளை நான் மதிக்கிறேன். எங்களிடம் பணமில்லாதபோது அவர்களை, கூலி கொடுக்கும் பொது வசதிப் பிரிவுகளுக்கு அனுப்பிவிடுவேன்: மெழுகில் பதித்த கட்டிகளை நான்கைந்து மைக்ரான் தடிமனில் சீவிச் சாயமேற்றும் பிரிவு, திசு வங்கி. எந்தப் பேராசிரியரின் பெயரும் அங்கே கதவில் இருக்காது. ஆனால் ஊரிலுள்ள எல்லாப் புற்றுநோய் ஆய்வகங்களும் அந்த அறை வழியாகத்தான் போய்வருகின்றன. ஒரு வருடம் அங்கே இருந்தவருக்கு யாரிடம் என்ன நடக்கிறது என்பது என்னைவிட நன்றாகத் தெரியும்.

கோடைக்காலத் திட்டங்கள் என்று தனியாக உண்டு. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்.இ.யு., என்.ஐ.எச்.சின் கோடைப் பயிற்சி, பல புற்றுநோய் மையங்கள் தாங்களே நடத்துபவை, உதவித்தொகையும் கிடைக்கும். இவற்றை மட்டும் நம்பி இருந்தவர்கள் 2025-ல் அடிபட்டார்கள். அரசின் நிதிக் குழப்பத்தில் என்.ஐ.எச். அந்த வருடத்துக் கோடைப் பயிற்சியையே ரத்து செய்துவிட்டது. எங்கள் மாடியிலும் ஆள் குறைந்தது. எனக்கு வந்த மின்னஞ்சல்கள் கூடின. இடம் இல்லை என்று எழுதிக் கைவலித்த வசந்தம் அது.

இல்லை என்று எழுதும்போது நான் ஒரு வரி சேர்ப்பதுண்டு: ஆகஸ்ட் கடைசியில் மறுபடி எழுதுங்கள். மே மாதத்தில் மூத்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். அவர்கள் இடத்துக்கு வசந்தத்திலேயே ஆள் பேசி வைத்திருப்போம். புதிய கால அட்டவணை வந்ததும், பேசி வைத்தவர்களில் ஒருவருக்காவது கரிம வேதியியல் செய்முறை வகுப்பு சரியாக செவ்வாய் மதியத்தில் வந்து உட்காரும். வருந்தி எழுதிவிட்டு விலகிக்கொள்வார். எங்களுக்கு அப்போது அவசரம். இல்லை என்று பதில் வாங்கியவர்களில் மிகச் சிலர்தான் அந்த வாரத்தில் மறுபடி எழுதுகிறார்கள். அப்படி எழுதுகிறவரை நான் பெரும்பாலும் மறுநாளே வரச் சொல்லிவிடுவேன்.